பதினைந்தாவது சில்லு

அரசாங்க அடிமைக்கு வாய் கிடையாது. அதுதான் விதி. பஸ்கள் போய்வரும் நேரத்தைக் குறிக்கும் டைம் அம்மா ஆறு வாரமாக, வாரத்துக்கு இரண்டு மாலை, வாயே திறக்காமல் இருக்கிறாள் என்று பஸ் டிப்போவில் யாராவது தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் டிரைவர்கள் நம்பமாட்டார்கள். கேட்டில் நின்று அவள் ஒரு அதட்டல் போட்டால், உள்ளே டயர் கழற்றிக்கொண்டிருப்பவன் கையிலிருந்து ஸ்பேனர் விழும்.

என்ன செய்வது, சீட்டு அப்படி விழுந்துவிட்டது. மாலைக் கல்லூரியின் வரலாற்றுப் பேராசிரியர், இந்தப் பருவத்தில் பாடம் நடத்தப்போவதில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார். வகுப்புதான் பழைய கிரேக்கத்து ஏதென்ஸ் நகரம். போரில் தோற்று, கொடுங்கோலர்களைத் துரத்திவிட்டு, இனி யார் குடிமகன், யார் பேசலாம், யார் ஆளலாம் என்று முடிவு செய்யக் கூடிய மக்கள் சபை. பிஸ்கட் டின்னுக்குள் கையை விட்டு முப்பத்தாறு பேரும் ஆளுக்கொரு சீட்டு எடுத்தார்கள். முப்பத்திரண்டு பேர் குடிமக்கள். மீதி நாலு பேர் வெளியூர்க்காரர்கள், அடிமைகள். இவர்களுக்குச் சபையில் பேச்சும் கிடையாது, வாக்கும் கிடையாது.

டிப்போ மேற்பார்வையாளர் ஆக வேண்டுமென்றால் பட்டம் வேண்டும் என்று ஐம்பத்து மூன்று வயதில் புத்தகப் பையைத் தூக்கிய டைம் அம்மாவுக்கு அடிமைச் சீட்டு. அதே வகுப்பில் படிக்கும் அவளுடைய மருமகளுக்குக் குடிமகன் சீட்டு. அதுவும் சாதாரணக் குடிமகன் இல்லை. கப்பல் படையை நடத்திய மாலுமி. மாமியார் அடிமை, மருமகள் மாலுமி என்றதும் வகுப்பு சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து கணக்கு வாத்தியார் எட்டிப் பார்த்தார். டைல்ஸ் ஒட்டும் வேலை பார்க்கும் மகன் வீட்டில், எனக்கு என்ன சீட்டு என்று கேட்டான். வகுப்பு நாட்களில் உனக்கு அடுப்பு என்று மருமகள் சொன்னாள். அன்றைக்கு மூன்று பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

அதெல்லாம் அந்தக் கடிதம் வருவதற்கு முன்பு.

மருமகள் குடிநீர் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். தலைமை அலுவலகத்தில் இரண்டு வருட நிர்வாகப் பயிற்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருப்பதாகக் கடிதம் வந்தது. பஸ்ஸில் பதினோரு மணி நேரத் தூரம். ஒரே ஒரு நிபந்தனை: பட்டத்தில் அறுபது சதம் இருக்க வேண்டும். மகன், அம்மா என்ன சொல்றாங்களோ அப்படியே என்றான். டைம் அம்மா, வேண்டாம் என்றாள். அத்தோடு விஷயம் முடிந்தது என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டார்கள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா அத்தை?" என்று மருமகள் கேட்டாள். கேட்டு நாலு நாள் ஆகிறது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் குழாயும் மிக்ஸியும்தான் பேசிக்கொண்டிருந்தன.

போன வாரம் நாம் டைம் அம்மாவை விட்டுவிட்டு வந்த இடம் டிப்போவின் ஓய்வறை. கையில் கறுப்பு மார்க்கர், மடியில் வெள்ளை பாத்ரூம் டைல்ஸின் பதினாலு சில்லுகள். ஒவ்வொன்றிலும் அவள் எழுதிய ஒரே சொல்: மாலுமி.

ஏன் என்று புதிதாகப் படிக்க வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஏதென்ஸில் ஒரு வழக்கம் இருந்தது. ஆபத்தான ஆள் என்று தோன்றுகிறவர் பெயரை உடைந்த பானை ஓட்டுச் சில்லில் எழுதிப் போடுவார்கள். யார் பெயர் அதிகம் விழுகிறதோ அவர் ஊரை விட்டுப் போக வேண்டும். பேராசிரியரின் விளையாட்டிலும் கடைசி நாளில் அது உண்டு. வெளியேற்றப்பட்டவர் அதற்கடுத்து வரும் கடைசிச் சொற்பொழிவைப் பேச முடியாது. அந்தச் சொற்பொழிவுக்கு இருபத்தைந்து மதிப்பெண். அதில் பதினெட்டு மதிப்பெண்ணாவது வாங்கினால்தான் மருமகளுக்கு அறுபது சதம் தேறும்.

எதிர்க்கட்சித் தலைவர் ஓர் இன்சூரன்ஸ் ஏஜென்ட். விளையாட்டில் ஆலிவ் தோட்டக்காரர். மாலுமியின் பேச்சென்றால் அவருக்குப் பயம். சில்லுகளை வாசலில் நின்று கொடுக்கிற வேலை அடிமையுடையது என்பதால் நைசாக டைம் அம்மாவிடம் வந்தார். வேலை முடிந்து களைத்து வருகிறவர்களுக்கு எழுதச் சோம்பல், எழுதியே கொடுத்துவிட்டால் போடுவதற்கு என்ன கசக்கிறதா, அந்தக் காலத்திலேயே ஒரே கையெழுத்தில் எழுதின சில்லுகள் கிணற்றிலிருந்து குவியலாகக் கிடைத்திருக்கின்றன என்று இனிக்க இனிக்கப் பேசினார். விதிப் புத்தகத்தின் ஏழாவது விதி, அவரவர் கையால்தான் எழுத வேண்டும் என்கிறது. அந்தப் பக்கத்தை அவர் புரட்டவில்லை. டைம் அம்மாவும் புரட்டவில்லை. விளையாட்டுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான்.

இனி இன்றைய நாளுக்கு வருவோம்.

காலையில் குளியலறைக்குள்ளிருந்து மருமகளின் குரல் கேட்டது. குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு சொற்பொழிவை ஒத்திகை பார்க்கிறாள். டைம் அம்மாவின் கண் தானாகவே கைக்கடிகாரத்துக்குப் போனது. ஆறு நிமிடம் நாற்பது விநாடி. வகுப்பில் பேச்சு நேரத்தை அளக்கும் வாளித் தண்ணீர் ஆறு நிமிடத்துக்குத்தான். நாற்பது விநாடியைக் குறைடி பெண்ணே என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினாள். பேசவே போகாதவளுக்கு நேரம் எதற்கு?

மகன் செருப்பை மாட்டிக்கொண்டே, இன்னிக்குத்தானே கடைசி நாள் என்று பொதுவாகக் கேட்டான். யாரிடம் கேட்டான் என்று தெரியாததால் யாரும் பதில் சொல்லவில்லை. ஒரு பக்கம் அம்மா, இன்னொரு பக்கம் மனைவி என்று இருக்கிற வீட்டில் இப்படி சுவரைப் பார்த்துக் கேள்வி கேட்பதில் அவன் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தான்.

டிப்போவில் அவளுக்கு வேறொரு வெடி காத்திருந்தது. அறிவிப்புப் பலகையில் புதிய கால அட்டவணை ஒட்டியிருந்தார்கள். காலை ஐந்து பத்துக்குக் கிளம்பும் முதல் வண்டி, அடுத்த மாதம் முதல் ஐந்து நாற்பதுக்காம். அந்த ஐந்து பத்து வண்டியில் யார் ஏறுகிறார்கள் என்று டைம் அம்மாவுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் பெண்கள் பதினெட்டு பேர். ஆறு மணிக்குக் கையெழுத்துப் போடாவிட்டால் அவர்களுக்கு அரை நாள் போய்விடும்.

நேரே மேனேஜர் அறைக்குப் போனாள். மேனேஜர் நல்ல மனிதர்தான். அட்டவணைக் கூட்டம் போன வாரமே முடிந்துவிட்டது, அதிகாரிகள் மட்டும் கலந்துகொள்ளும் கூட்டம், கேட்டில் இருப்பவர்களைக் கூப்பிடும் வழக்கம் இல்லையே என்று சொன்னார்.

"இருபத்து நாலு வருஷமா இந்த கேட்ல நிக்கறேன் சார். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வாக்கியம் அவள் காதில் விழுந்தது. இது அவளுடைய வாக்கியம் இல்லை. நாலு நாளைக்கு முன்பு சமையலறையில் வேறொருத்தி சொன்னது.

அப்போதே அவள் திருந்தியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் டைம் அம்மா ஒரு முடிவெடுத்தால் அது டிப்போவை விட்டுக் கிளம்பிய வண்டி மாதிரி, பாதி வழியில் திரும்பாது. காதில் விழுந்தது மனதுக்குள் இறங்கவில்லை. பதிவேட்டை இழுத்து வைத்துக்கொண்டு வண்டிகளைக் குறிக்க ஆரம்பித்தாள். வண்டி கேட்டைத் தாண்டினால் அதன் எண்ணுக்குக் கீழே இரண்டு புள்ளி. திரும்பி வந்தால் அந்த இரண்டு புள்ளியையும் சேர்த்து ஒரு கோடு. இந்தப் பழக்கம் அவளோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்குப் போன ஏணிக்குக்கூடச் சமையலறை நாட்காட்டியில் இரண்டு புள்ளி இருக்கும். அது திரும்பி வந்தால்தான் கோடு.

மாலை ஐந்தரைக்கு வகுப்பறை வாசலில், கையில் கோணிப்பையோடு நின்றாள். மகன் வேலை செய்த இடங்களிலிருந்து கொண்டுவந்து கொடுத்த டைல்ஸ் சில்லுகள் அந்தப் பையில் இருந்தன. எழுதாதவை ஒரு பக்கம். எழுதிய பதினாலும், எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி, இன்னொரு பக்கம்.

முதலில் வந்தவர் பேக்கரிக்காரர். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து மாவு பிசைகிற மனிதர். கண்கள் பாதி மூடியிருந்தன. டைம் அம்மாவின் கை ஒரு கணம் தயங்கியது. பிறகு எழுதிய சில்லையே எடுத்து நீட்டியது. அவர் திருப்பிப் பார்த்தார். ஏதோ கேட்க வந்தார். அடிமையிடம் பேசி என்ன பயன் என்று நினைத்தாரோ என்னவோ, பானைக்குள் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

முதல் பொய்தான் கனம். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன முழம் என்ன. மீதிப் பதின்மூன்றும் மளமளவென்று போயின.

மருமகள் வந்தபோது எழுதாத சில்லு ஒன்றைக் கொடுத்தாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மருமகள் மூலையில் போய் நின்று எழுதினாள். எழுத அவளுக்கு வெகு நேரம் பிடித்தது.

சபை கூடியது. அன்றைய தலைவராகச் சீட்டு விழுந்தவர் மருந்துக்கடைக்காரர். பேராசிரியர் வழக்கம்போலக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். விளையாட்டு நடக்கும்போது நான் இந்த ஊரிலேயே இல்லை என்பது அவர் கட்சி.

பெயர்களை வாசிக்க மட்டும் அடிமைக்கு அனுமதி உண்டு. டைம் அம்மா பானைக்குள் கையை விட்டாள். தட்டச்சு வேலை பார்க்கும் பெண் பலகையில் கோடு போட்டுக்கொண்டே வந்தாள்.

"ஆலிவ் தோட்டக்காரர்." மேஜைமேல் வைத்தாள். "செருப்புத் தைக்கிறவர்." வைத்தாள். "மாலுமி."

மூன்றாவது சில்லை வைக்கப்போன கை அந்தரத்தில் நின்றது. மாலுமி என்ற எழுத்துக்குக் கீழே, நேர்த்தியாக, இரண்டு புள்ளிகள்.

எப்போது வைத்தாள்? அவளுக்கே தெரியாது. பழக்க தோஷம். அடுத்து வந்த மாலுமியிலும் இரண்டு புள்ளி. அதற்கடுத்ததிலும். ஊரையே ஏமாற்றும் திருட்டு வேலை செய்தவள், தன் முத்திரையை மறக்காமல் குத்திவிட்டு வந்திருக்கிறாள். ஒன்று மட்டும் புள்ளி இல்லாமல் கிடந்ததுபோல் இருந்தது. அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் அவள் இல்லை.

மாலுமிக்குப் பதினைந்து. ஆலிவ் தோட்டக்காரருக்கு ஒன்பது. மற்றவர்களுக்குச் சில்லறையாக எட்டு.

மாலுமி வெளியேற வேண்டும் என்று மருந்துக்கடைக்காரர் தீர்ப்பு வாசித்தார். ஏஜென்ட் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அடக்கமாகச் சிரித்தார். வெளியேற்றப்படுபவரை வாசல் வரை கொண்டுபோய் விடுவதும் அடிமையின் வேலை.

மருமகள் எழுந்து வந்தாள். மேஜைமேல் வரிசையாகக் கிடந்த சில்லுகளுக்கு முன் நின்றாள். ஒன்றை எடுத்துப் பார்த்தாள். இன்னொன்றையும் எடுத்துப் பார்த்தாள். சமையலறை நாட்காட்டியைத் தினமும் பார்க்கிறவளுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. முகம் வெளுத்தது. சொற்பொழிவுக் காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நடந்தாள். டைம் அம்மா பின்னாலேயே போனாள்.

வாசற்படியில் மருமகள் திரும்பினாள்.

"வண்டி போயிடுச்சுன்னு குறிச்சுட்டீங்களே அத்தை," என்றாள், மற்றவர் யாருக்கும் கேட்காமல். "அனுப்ப மாட்டேன்னு சொன்ன நீங்களே."

டைம் அம்மா அனுப்ப மனமில்லாமல்தான் இவ்வளவும் செய்தாள். செய்து முடித்துப் பார்த்தால், இத்தனை பேருக்கு நடுவில் அந்தப் பெண்ணைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறாள். காலையில் காதோடு நின்ற வாக்கியம் இப்போதுதான் உள்ளே இறங்கியது. வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில் ஒரு பிடிவாதம் எழுந்தது. அந்தப் பிடிவாதத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். இத்தனை நாள் அது தப்பான பக்கம் நின்றுகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

கழுத்தில் தொங்கிய டிப்போ விசிலை எடுத்து ஊதினாள்.

முப்பத்திரண்டு குடிமக்களும் ஒரு சேர அதிர்ந்தார்கள். கடைசி பெஞ்சில் பேராசிரியரின் கண்ணாடி மூக்கிலிருந்து இறங்கியது.

"அந்த எண்ணிக்கை செல்லாது," என்றாள் டைம் அம்மா.

ஏஜென்ட் துள்ளி எழுந்தார். அடிமைக்குச் சபையில் பேச உரிமை இல்லை, அவள் சொல்வதைக் குறிப்பில் ஏற்றக்கூடாது என்றார். மருந்துக்கடைக்காரர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஏதென்ஸ் நீதிமன்றத்தில் அடிமையின் வாக்குமூலத்தை அடித்து வாங்கினால்தான் ஏற்றுக்கொள்வார்களாம் என்று யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். வகுப்பு சிரித்தது.

"அடிச்சுட்டுக் கேளுங்க," என்றாள் அவள். "ஆனா கேளுங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. இருந்தாலும் விதி விதிதான். வாசலில் நிற்கும் இரண்டு பேரில் ஒருத்தி அடிமை, இன்னொருத்தி ஊரை விட்டு விலக்கப்பட்டவள். இரண்டு பேருக்குமே வாய் இல்லை. மருந்துக்கடைக்காரர் கடைசி பெஞ்சைப் பரிதாபமாகப் பார்த்தார். பேராசிரியர் ஜன்னலுக்கு வெளியே மரத்தைப் பார்த்தார்.

அப்போது பேக்கரிக்காரர் எழுந்தார். ஆறு வாரத்தில் அவர் எழுந்தது அதுதான் முதல் தடவை.

"எனக்குக் குடுத்த சில்லுல முன்னாடியே எழுதியிருந்தது," என்றார். "தூக்கக் கலக்கத்துல நானும் போட்டுட்டேன். தப்பு எம்மேலயும் இருக்கு. நான் குடிமகன், எனக்குப் பேச நேரம் உண்டு இல்லையா? என் தண்ணியை அந்தம்மாவுக்குக் குடுக்கறேன்."

தன் பங்குத் தண்ணீரை இன்னொருவருக்குக் கொடுக்கலாம் என்று விதியில் இருந்தது. மேஜைமேல் ஒரு பெயின்ட் வாளி, அதன் அடியில் ஓட்டை, ஓட்டையில் தக்கை, கீழே இன்னொரு வாளி. இதுதான் ஏதென்ஸின் கடிகாரம். பேச ஆரம்பித்ததும் தக்கையை உருவ வேண்டும். தண்ணீர் தீர்ந்தால் பேச்சும் தீர்ந்தது. தக்கை வேலை டைம் அம்மாவுடையது. இன்றைக்கு அவளே பேசுகிறாள் என்றால் தக்கையை யார் பிடிப்பது?

மருமகள் வாசலிலிருந்து நடந்து வந்தாள். யாரையும் கேட்கவில்லை. வாளிக்குப் பக்கத்தில் நின்று தக்கையை உருவினாள்.

"மாலுமின்னு விழுந்ததுல பதினாலு என் கையெழுத்து," என்றாள் டைம் அம்மா. "கீழே ரெண்டு புள்ளி இருக்கும், பாத்துக்கோங்க. யாரு கேட்டாங்க, எதுக்குக் கேட்டாங்கன்னு கிளற வேண்டாம். எழுதின கை என்னுது." ஏஜென்ட் தன் நகங்களைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "இவ ஜெயிச்சா ஊரை விட்டுப் போயிடுவா. வீடு வெறிச்சுன்னு ஆயிடும்னு பயந்துட்டேன். அந்தப் பயத்தை இவகிட்ட நேரா சொல்ல எனக்கு வாய் வரலை. ஊருக்கெல்லாம் வாய் இருக்கு, இதுக்கு இல்லை. அதான் சில்லுல எழுதினேன். இவ பேசணும். இவ மார்க்கு இவளுக்கு வரணும். எனக்கு என்ன தண்டனையோ குடுங்க."

பாதி வாளிகூடத் தீரவில்லை. போதும் என்று கையைக் காட்டினாள். மருமகள் தக்கையை அடைத்தாள்.

தீர்ப்புச் சொல்லப் பேராசிரியரே எழுந்து முன்னால் வந்தார். வாக்கெடுப்பு ரத்து. இன்னொன்று நடத்த நேரமில்லாததால் யாரும் வெளியேற வேண்டியதில்லை. கடைசிச் சொற்பொழிவு நடக்கும். பிறகு டைம் அம்மாவைப் பார்த்தார். ஏழாவது விதியை மீறியதற்கு இந்தப் பகுதியில் உங்களுக்கு மதிப்பெண் போட முடியாது, அடுத்த வருடம்தான் மறுபடி எழுத வேண்டும் என்றார். மேற்பார்வையாளர் பதவி ஒரு வருடம் தள்ளிப் போகிறது என்பது அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

"எழுதறேன் சார். ஆனா அடுத்த தடவை எனக்கு வேற சீட்டு வரட்டும்."

மாலுமி பேச எழுந்தாள். டைம் அம்மா வாளியை நிரப்பி, கையைத் துடைத்துக்கொண்டு, தக்கையைப் பிடித்தாள். அன்றைய தீர்மானம், போரில் தங்களோடு நின்ற வெளியூர்க்காரர்களுக்கும் அடிமைகளுக்கும் குடியுரிமை கொடுக்கலாமா என்பது. மருமகள் மடித்து வைத்த காகிதத்தைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

"நடுக்கடல்ல துடுப்புப் போட்டவங்க கையைப் பாருங்க," என்றாள். "எங்க கைக்கும் அவங்க கைக்கும் ஒரே காய்ப்புதான். கப்பல் கவிழ்ந்தா தண்ணி யாரு குடிமகன்னு கேட்டுட்டு மூழ்கடிக்காது. சாகறதுக்குச் சமமா இருந்தவங்க, பேசறதுக்கு மட்டும் எப்படிக் குறைஞ்சு போவாங்க?"

காலையில் கேட்ட ஒத்திகையில் இந்த வரிகள் எதுவும் இல்லை. டைம் அம்மா வாளியைப் பார்க்க வேண்டியவள், பேசுகிறவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வாக்கியம் முடிந்தபோது வாளியில் இன்னும் இரண்டு விரல் தண்ணீர் மிச்சமிருந்தது.

தீர்மானம் தோற்றது. ஆதரவாகப் பதினைந்து கைகள், எதிராகப் பதினேழு. ஆனால் மதிப்பெண் பேச்சுக்குத்தான், வெற்றிக்கு இல்லை. பேராசிரியர் தன் நோட்டில் ஏதோ எண்ணைக் குறித்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்தால் அது பதினெட்டுக்குக் கீழே இருக்கும் என்று தோன்றவில்லை.

பஸ்ஸில் மருமகள் ஒரு வரிசை முன்னால் தனியாக உட்கார்ந்தாள். கேட்டவுடன் கிடைப்பதற்கு மன்னிப்பு ஒன்றும் பஸ் டிக்கெட் இல்லை என்று டைம் அம்மாவுக்குத் தெரியும். இறங்கும்போது மட்டும் சில்லுக் கோணிப்பையின் ஒரு காதை மருமகள் பிடித்துக்கொண்டாள். மறு காதை இவள் பிடித்துக்கொண்டாள். வீடு வரை இரண்டு பேரும் தூக்கி வந்தார்கள்.

மகன் தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். மருமகள் நேரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என்ன ஆச்சு என்று அவன் சுவரைக் கேட்டான்.

"இங்க பாத்துக் கேளு," என்றாள் டைம் அம்மா. நடந்தது முழுவதையும் ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் உட்கார்ந்துவிட்டான். "நான் வேண்டாம்னு சொன்னதை வாபஸ் வாங்கிட்டேன். இனிமே எம் பின்னாடி நீ ஒளிய முடியாது. அவ போறது உனக்குப் பிடிக்கலைன்னா உன் வாயால சொல்லு."

"நான் எப்பம்மா வேண்டாம்னு சொன்னேன்?"

"வேணும்னும் சொல்லலியே."

டைம் அம்மா நாளைக்குள் யோசித்து வைக்கும்படி சொல்லிவிட்டு, கோணிப்பையைக் குளியலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். மகனுடைய பெயின்ட் தின்னர் பாட்டிலையும் ஒரு பழைய துணியையும் எடுத்துக்கொண்டாள். செய்த தப்பைத் தன் கையாலேயே துடைத்துவிட்டுத்தான் சாப்பாடு என்று தீர்மானம்.

மாலுமிகளைத் தனியாகப் பொறுக்கினாள். ஒவ்வொன்றாகத் துடைத்தாள். இரண்டு புள்ளியும் எழுத்தும் கறுப்பாகக் கரைந்து ஓடின. பதினாலு முடிந்தது.

பதினைந்தாவது சில்லைத் திருப்பினாள். புள்ளி இல்லை. குண்டு குண்டான எழுத்து. அந்த எழுத்தை அவள் தினமும் ஃபிரிட்ஜ் கதவில் பார்க்கிறாள். பால் தீர்ந்துவிட்டது, கரண்ட் பில் கட்டியாச்சு, அத்தைக்குக் கண்ணில் விடும் மருந்து மேல் தட்டில்.

மூலையில் போய் நின்று வெகு நேரம் எழுதியதை நினைத்துப் பார்த்தாள். தன் பெயரைத் தானே எழுதிப் போட்டிருக்கிறாள். போக வேண்டும் என்று நாலு நாளாக முகம் கொடுக்காமல் இருந்தவள், போகவிடாமல் செய்யும் சில்லையும் தன் கையாலேயே போட்டிருக்கிறாள். எந்தப் பயம் எழுத வைத்தது? இல்லை, யாரும் கேட்காத ஒரு பெண் சலித்துப்போய் முடிவை ஊரிடமே விட்டுவிட்டாளா? முன்பெல்லாம் என்றால் டைம் அம்மா தானே ஒரு பதிலைக் கண்டுபிடித்து, அதற்கு ஒரு தீர்ப்பும் எழுதியிருப்பாள்.

சில்லைத் துடைக்கவில்லை. எடுத்துக்கொண்டு மருமகளின் அறை வாசலுக்குப் போனாள். இத்தனை வருடத்தில் அந்தக் கதவைத் தட்டிய வழக்கமே அவளுக்கு இல்லை. திறந்துகொண்டு உள்ளே போவாள், அவ்வளவுதான். இன்றைக்கு விரலை மடக்கித் தட்டினாள்.

"யாரு?"

"நான்தாம்மா. உன்னை ஒரு வார்த்தை கேக்கணும்."

உள்ளே நாற்காலி நகரும் ஒலி கேட்டது, பிறகு நின்றது. டைம் அம்மா இன்னொரு தடவை தட்டவில்லை. பதில் எதுவானாலும் அதைக் கேட்டுவிட்டுத்தான் நகர்வது என்று சில்லைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். இருபத்து நாலு வருடம் கேட்டில் நின்று பழகிய கால்கள்.